வெட்கம், மறதி, பெரியம்மா

வணக்கம் அம்மா,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இது கதைகளைப் பற்றிய கடிதம் இல்லை, மன்னிக்கவும். எனக்கு 36 வயது. மடிப்பாக்கத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் வேலை. கணவர், மாமியார், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள்.

போன மாதம் மகளின் பள்ளியில் மாறுவேடப் போட்டி. வாட்ஸப் குரூப்பில் வந்த செய்தியைப் படித்தேன், கட்டைவிரல்கூடப் போட்டேன். அன்று காலை அவளை யூனிஃபார்மில் அனுப்பிவிட்டேன். பாரதியார்களுக்கும் ஜான்சி ராணிகளுக்கும் நடுவே அவள் மட்டும் யூனிஃபார்மில் நிற்கிற போட்டோ அதே குரூப்பில் வந்தது. "ஒரு பொம்பளைக்கு இதுகூடவா ஞாபகம் இருக்காது?" என்று மாமியார் கேட்டார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

யாருக்கும் தெரியாமல் அண்ணா நகரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். பள்ளிக்கால ரிப்போர்ட் கார்டு வரை கேட்டார். ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த கோளாறு என்றார். மீதைல்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பத்து நாள் போட்டேன், வித்தியாசம் தெரிந்தது. பிறகு பயந்துபோய் நிறுத்திவிட்டேன். சுண்டைக்காய் வற்றல் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன். மாமியார் பார்த்தால் கீழ்ப்பாக்கம் கேஸ் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிடுவார்.

ஏடிஎச்டி ஒரு வரம் என்று ரீல்ஸில் சொல்கிறார்கள். பகத் ஃபாசிலுக்கும் இருக்கிறதாமே. எனக்கு வரம் எதுவும் தெரியவில்லை, வெட்கம்தான் தெரிகிறது. வீட்டில் சொல்லலாமா? ஆபீஸில்? மகளும் பென்சில் பாக்ஸைத் தொலைத்துக்கொண்டே இருக்கிறாள். அதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

நீளமாக எழுதியதற்கு மன்னிக்கவும். உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கும் மன்னிக்கவும்.

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

ஒரு கடிதத்தில் மூன்று மன்னிக்கவும். மூன்றும் எனக்கு. படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. வேறொரு வாரத்தில் வந்திருந்தால் நாலு வரி ஆறுதல் எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பேன். இப்போது என் மேஜைமேல் கிடக்கிற ஒரு காகிதக் கட்டு அப்படிப் போகவிடவில்லை.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடலாம். வரம் என்று சொல்கிறவர்களில் பலர் கடைசியில் ஏதாவது ஒரு கோர்ஸ் விற்பார்கள், விடுங்கள். பகத் ஃபாசில் 2024-ல் கேரளத்தில் ஒரு விழாவில் பேசும்போது, 41 வயதில்தான் தனக்கு இது தெரியவந்தது என்றார். நல்ல காரியம் செய்தார். ஆனால் சினிமாவில் கால்ஷீட் பார்க்க ஓர் ஆள், உடை எடுத்துக்கொடுக்க ஓர் ஆள், வசனம் மறந்தால் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் என்று இருப்பார்கள். உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஆபீஸைப் பொறுத்தவரை, 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டி தனிப் பெயராக இல்லை. சலுகை கிடைக்கும் என்று நம்பிச் சொல்ல வேண்டாம். வாயால் சொல்கிற வேலையை மெயிலிலும் போட்டுவிடுங்கள் என்று மேலாளரிடம் கேளுங்கள். அதற்கு மருத்துவச் சீட்டு எதுவும் காட்ட வேண்டியதில்லை.

சரி, அந்தக் காகிதக் கட்டு. என் பெரியப்பா திருவல்லிக்கேணியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவருடைய பழைய மாணவர்கள் நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். எனக்கும் ஒரு கட்டுரை கேட்டு, மற்றவர்கள் எழுதியதையெல்லாம் பிரதியெடுத்து அனுப்பியிருந்தார்கள். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் மறதிக் கதைகள். இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்போடு வகுப்புக்கு வந்தார். ஜாம் பஜாரில் கத்தரிக்காய் வாங்கக் கிளம்பியவர் மூர் மார்க்கெட்டுக்குப் போய் பழைய புத்தகங்களோடு வீடு திரும்பினார். மாணவன் கல்யாணத்துக்கு மறுநாள் போய் நின்று, காலி மண்டபத்துக் காவல்காரரிடம் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு வந்தார். எழுதியவர்கள் எல்லோரும் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். மேதை என்றால் அப்படித்தானாம்.

எந்தப் பக்கத்திலும் பெரியம்மா இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். ஒரே ஓர் இடத்தில் "அம்மையார் கையால் காபி" என்று வருகிறது.

அந்த வீட்டில் வளர்ந்தவள் என்பதால் எனக்குத் தெரியும். அவர் சட்டைப்பையில் தினமும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், பெரியம்மாவின் கையெழுத்தில். பஸ் காசு இடது பையில், காய்கறிக் காசு வலது பையில். குடையில் வெள்ளைப் பெயின்ட்டால் பெயரும் தெருவும். பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவி. பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில் இரவு அவர் எதிரே உட்கார்ந்து பெரியம்மா விளக்குத்திரி திரிப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு தாள் முடிந்ததும் அடுத்ததை எடுத்து வைப்பார், அவ்வளவுதான். அவர் அடுக்களைக்குள் போன நேரத்தில் பெரியப்பா தாளின் பின்பக்கம் வேறேதோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேலை நகரும் என்று இன்று ஏடிஎச்டி உள்ளவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். பெரியம்மாவுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

பெரியம்மா இறந்த மறு வருஷம் பெரியப்பாவின் பென்ஷன் நின்றுபோனது. அப்போதெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய் உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது, அவர் போகவில்லை. வந்த கடிதங்களைப் பிரிக்கவே இல்லை. மலரில் இதெல்லாம் வராது.

பெரியப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு, என் அத்தை. பெரம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணனுக்கு இருந்த அத்தனையும் அவளுக்கும் இருந்தது. பாதிக் கோலத்தில் எழுந்து போய்விடுவாள். பால் பொங்கி அடுப்பு அணையும். சீட்டுப் பணம் கட்டும் தேதி தவறும். ஒருமுறை ரேஷன் கார்டை பஸ்ஸில் விட்டுவிட்டாள். வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியைப் பேனா எடுக்காமல் மனசுக்குள்ளேயே முடிப்பாள். அதை யாரும் மேதைமை என்று சொன்னதில்லை. அவளுடைய மாமியார் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் அவள் தவறுகளைக் குறித்து வைத்திருந்து, தீபாவளிச் சீரோடு தாத்தா போனபோது எடுத்து நீட்டினார். தாத்தா ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு அத்தையைத்தான் திட்டினார். பிற்பாடு அவள் வாயைத் திறந்தாலே "தப்பா நினைச்சுக்காதீங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். கீரைக்காரியிடமும் அப்படித்தான். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஏன் எரிச்சல் வந்தது என்று இப்போது புரிகிறதா?

இறந்துபோனவர்களுக்கு நோயின் பெயர் வைக்கக் கூடாதுதான். வைக்காமல் இருக்க முடியவில்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் ஏடிஎச்டியில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை என்கின்றன. அண்ணனும் தங்கையும் ஒரே மூளையோடு பிறந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஒருவருக்கு மலர், ஒருத்திக்குக் காலண்டர் தாள்.

நான் சொல்லவந்தது இதுதான் எஸ். மறப்பது பிறவிக் கோளாறாக இருக்கலாம். யார் மறந்தால் சிரிக்கலாம், யார் மறந்தால் கூனிக்குறுக வேண்டும் என்பதை வீடுதான் முடிவு செய்கிறது. நம் வீடுகளில் எல்லோருடைய ஞாபகத்தையும் சுமக்க ஒரு பெண்ணை நியமித்திருக்கிறோம். பால் கணக்கு, தடுப்பூசித் தேதி, கரண்ட் பில், நாத்தனார் கல்யாண நாள், மாமனார் திதி, எல்லாம் அவள் தலையில். ஆண் மறந்தால் அவள் ஞாபகப்படுத்துவாள். அவளே மறந்துவிட்டால் ஞாபகப்படுத்த ஆள் கிடையாது. "ஒரு பொம்பளைக்கு இதுகூடவா" என்றாரே உங்கள் மாமியார், கேள்வியிலேயே எல்லாம் இருக்கிறது. ஓர் ஆளுக்கு என்று அவர் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம். அந்த வாட்ஸப் குரூப்பில் உங்கள் கணவர் இருக்கிறாரா? பள்ளியில் அம்மாக்களின் எண்ணை மட்டும் வாங்கிச் சேர்த்திருப்பார்கள், அவரும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார். இருந்தால் அவரும் அந்தச் செய்தியைப் பார்த்திருப்பார். இல்லையென்றால் ஏன் இல்லை? அவர் பெண்ணும்தானே யூனிஃபார்மில் நின்றாள்? அவர் சும்மா இருந்தது உங்களுக்கு வலித்ததாக எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்கள் வெட்கப்படுகிற நேரத்தில் கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மருத்துவமும் வெகுநாள் இதில் உங்கள் மாமியார் கட்சிதான். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். புத்தியில் குறையில்லை, ஆனால் ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை என்றார். அவர் விவரித்தவர்களில் பெரும்பாலோர் பையன்கள். கவனம் என்பது நோயின் பெயரிலேயே சேர்ந்தது அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் 1980 பதிப்பில்தான். அறிகுறிகள் ஏழு வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்ததைப் பன்னிரண்டு என்று தளர்த்தியது 2013-ல். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பெஞ்சைத் தாண்டிக் குதிக்கிற பையனை டீச்சர் பார்த்தார். ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை யார் பார்த்தார்கள்? அவள் தொந்தரவு தரவில்லை. கெட்டிக்காரி, கவனம் போதாது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த மருத்துவர் ரிப்போர்ட் கார்டு கேட்டது இதற்காகத்தான்.

மாத்திரை விஷயத்தில் உங்களைத் திட்டாமல் இருக்க முடியாது. மீதைல்ஃபெனிடேட் 1944-லேயே உருவாக்கப்பட்ட மருந்து, உங்கள் மாமியாரைவிட வயதில் மூத்தது. ஆனாலும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடியது, பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். மருத்துவர் அவ்வப்போது பார்த்து அளவை மாற்ற வேண்டும். இதைப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குக்கூடத் தெரியாமல் இருப்பது முட்டாள்தனம். நாளைக்கு மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்கள்? அதைவிட, குழந்தை இருக்கிற வீட்டில் சமையலறை டப்பாவிலா வைப்பது? இன்றைக்கே எடுத்துப் பூட்டி வையுங்கள். போடுவதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள், டப்பாவிடம் அல்ல.

கீழ்ப்பாக்கம் கேஸ் என்பதை மாமியார் இன்னும் சொல்லவில்லை, நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். 1794 முதல் இந்த ஊரில் இருக்கிற மருத்துவமனை அது. 1961-ல் அதன் பொறுப்பை ஏற்றவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுகிறவர். அவர் அங்கே செய்த வேலையெல்லாம் நமக்கு நினைவில்லை, சினிமாக் காமெடி மட்டும் நினைவிருக்கிறது. தூக்கம் வராத ராத்திரிகளில் ரீல்ஸ் பார்க்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

வீட்டில் சொல்லலாமா என்றுதானே கேட்டிருந்தீர்கள். கணவரிடம் சொல்லுங்கள். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் வேண்டாம். அழுதுகொண்டே சொன்னால் அவர் மன்னித்துவிடுவார், அப்புறம் எல்லாம் பழையபடி நடக்கும். பட்டியலோடு உட்காருங்கள். கரண்ட் பில், காஸ், பள்ளிச் செய்திகள், தடுப்பூசி, இவை இனிமேல் அவருடையவை. உதவி செய்கிறேன் என்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். உதவி என்றால் ஞாபகப்படுத்தும் வேலை உங்களிடமே தங்கிவிடும். மாமியாரிடம் என்ன சொல்வது என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும், அவர் அம்மாதானே.

மகளைப் பற்றி. ஏழு வயதில் பென்சில் பாக்ஸ் தொலைக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்குக் குறையாமல், வீடு பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில், வயதுக்குப் பொருந்தாத அளவில் தெரிந்தால்தான் மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதனால் முதலில் வகுப்பாசிரியரிடம் கேட்க வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு உங்கள் கணவரே போய்க் கேட்டுவிட்டு வரட்டும். தேதியை நீங்கள் சொல்லாதீர்கள்.