0.5 சதவீதம் ஜிங்க் சல்பேட்: டேங்குக்கு எத்தனை கிராம்?

மன்னார்குடிப் பக்கம் குறுவை நெல் நட்டிருக்கும் ஒருவர் கேட்கிறார்: "நட்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்பிடித்த மாதிரி புள்ளி. 0.5 சதவீத ஜிங்க் சல்பேட் கரைசல் அடிக்கச் சொன்னார்கள். பக்கத்து வயல்காரர் 5000 பிபிஎம் என்கிறார். கடையில் வாங்கிய பையிலோ ஜிங்க் 33 சதவீதம் என்று போட்டிருக்கிறது. என் 16 லிட்டர் டேங்குக்கு எவ்வளவு போடுவது?"

முதல் இரண்டும் ஒன்றுதான். அரை சதவீதம் என்றால் 100 மில்லி கரைசலில் அரை கிராம் உப்பு (இங்கே உப்பு என்பது ஜிங்க் சல்பேட்), லிட்டருக்கு 5 கிராம். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ, அதாவது பத்து லட்சம் மில்லிகிராம். அதில் 5 கிராம் போட்டால் 5000 மில்லிகிராம், அதுதான் 5000 பிபிஎம். ஒரு சதவீதம் 10,000 பிபிஎம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கவனமாக இருக்க வேண்டியது பையில் இருக்கும் அந்த 33-ல்தான். அது உப்பின் அளவு இல்லை, உப்புக்குள் இருக்கும் துத்தநாகத்தின் (ஜிங்க்) அளவு. கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஏழு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகத்தில் துத்தநாகம் 21 சதவீதம், ஒன்று மட்டும் சேர்ந்ததில் 33. நெல்லுக்கு 0.5 சதவீதம் என்று சொல்வது வழக்கமாக 21 சதவீத வகையை வைத்துத்தான். அந்த வகையில் 5 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 1.05 கிராம் துத்தநாகம், அதாவது 1050 பிபிஎம். ஆகவே யாராவது பிபிஎம் சொன்னால், உப்பா துத்தநாகமா என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் கலந்தால் அளவு ஐந்து மடங்கு வரை மாறிப்போகும், இளம்பயிர் கருகலாம்.

அதே 1.05 கிராம் உங்கள் பையிலிருந்து வர, 1.05-ஐ 0.33-ஆல் வகுங்கள்: லிட்டருக்கு 3.2 கிராம். 16 லிட்டருக்கு 51 கிராம். 21 சதவீத வகையாக இருந்தால் 80 கிராம் போட வேண்டியிருக்கும்.

வேதியியல் படிக்கும் பிள்ளைகள் மோலாரிட்டி கேட்பார்கள். 21 சதவீத வகையின் மோல் எடை 287.5. லிட்டருக்கு 5 கிராம் என்றால் 0.017 மோலார். வயலுக்கு இந்தக் கணக்கு தேவைப்படாது.

கூடவே 1 சதவீத யூரியா சேர்ப்பது வழக்கம், டேங்குக்கு 160 கிராம். டிஏபி உரம் மட்டும் சேர்க்காதீர்கள், அதிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து துத்தநாகம் அடியில் படிந்துவிடும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். உப்பை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அப்புறம் டேங்கில் ஊற்றி 16 லிட்டர் கோடு வரை நிரப்புங்கள்.