அரசு வேலையைத் தனியாரிடம் விடலாமா? கேள்வி பதில்

செல்வி, திருச்சி: வேலை ஒழுங்காக நடந்தால் போதாதா சார்? யார் செய்தால் என்ன?

பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போயிருப்பீர்கள். ஏ கவுன்ட்டரில் போட்டோ எடுத்து, கைரேகை வாங்கி, ஆவணங்களை ஸ்கேன் செய்பவர் டிசிஎஸ் என்ற தனியார் கம்பெனியின் ஊழியர். பி-யில் சரிபார்ப்பவரும், சி-யில் 'கொடுக்கலாம்' என்று முடிவெடுப்பவரும் அரசு அதிகாரிகள். ஸ்கேன் செய்வது வேலை. உங்களுக்கு 'இல்லை' என்று சொல்வது அதிகாரம். அந்த 'இல்லை'யை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஏ-க்கும் பி-க்கும் நடுவே இருக்கும் அந்தக் கோட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முருகேசன்: அரசு கம்பெனிகளை விற்பது சரியா?

அது தனியார்மயம், சொத்தே கைமாறுகிறது. இங்கே பேசுவது அவுட்சோர்சிங். பொறுப்பு அரசுடையது, செய்கிற கை வேறு. தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஆனந்த், கோவை: தனியார் சிறையில் இடமும் சாப்பாடும் நன்றாக இருந்தால் கைதிக்கு நல்லதுதானே?

இதே கேள்வி இஸ்ரேலில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004-ல் அங்கே தனியார் சிறைக்குச் சட்டம் வந்தது. பீர்ஷெபா பக்கத்தில் கட்டடமும் எழுந்தது. 2009 நவம்பரில் தலைமை நீதிபதி டோரிட் பெய்னிஷ் தலைமையிலான ஒன்பது பேர் அமர்வில் எட்டுப் பேர் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அங்கே கைதிகளைக் கொடுமைப்படுத்துவார்கள் என்பது காரணமாகச் சொல்லப்படவில்லை. வசதி எப்படி இருந்தாலும், லாபத்துக்காக நடக்கும் நிறுவனத்தின் கையில் ஒருவரை அடைத்துவைக்கும் அதிகாரம் போவதே அவருடைய சுதந்திரத்தையும் கண்ணியத்தையும் பாதிக்கிறது என்றார்கள். கைதியின் ஆடையைக் களைந்து சோதிக்கவும், தனியறையில் அடைக்கவும் கம்பெனி ஆள் உத்தரவு போடலாம் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. அதை நினைத்துப் பாருங்கள்.

ஆனந்த்: அரசு சிறை வார்டரும் சம்பளத்துக்குத்தானே வேலை பார்க்கிறார்?

நல்ல வாதம், இதை ஒதுக்க முடியாது. ஆனால் கைதி நாளைக்கே விடுதலையானாலும் வார்டரின் சம்பளம் குறையாது. தலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்ட நிறுவனத்துக்குக் காலியான ஒவ்வோர் அறையும் நஷ்டம். அரசின் அதிகாரம் லாபக் கம்பெனியிடம் போனால் என்ன ஆகும் என்று நம் நாடே பார்த்திருக்கிறது. 1765-ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. 1770 பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் வசூல் நிற்கவில்லை. கணக்குக் கேட்கும் பங்குதாரர்கள் லண்டனில் இருந்தார்கள்.

மீனா, சென்னை: குப்பை அள்ளுவதிலுமா இதே ஆட்சேபம்?

இல்லை அம்மா. அங்கே யாரையும் அடக்கும் அதிகாரம் இல்லை. சென்னையில் 2000-லிருந்தே தனியார் அள்ளுகிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்களே, அது எதற்கு? தங்கள் வேலையைத் தனியாரிடம் விடக் கூடாது, நிரந்தரமாக்க வேண்டும் என்று. தனியாரிடம் போனால் அவர்களுக்கு முதலாளி யார் என்ற கேள்வி வருகிறது. மாநகராட்சியிடம் போனால் ஒப்பந்ததாரரைக் கேள் என்பார்கள், அவரிடம் போனால் டெண்டர் ரேட்டைக் காட்டுவார். குறையை யாரிடம் சொல்வது?

பாலா: ஆக, தனியார்மயமே வேண்டாம் என்கிறீர்கள்?

முருகேசனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ரவி: டெண்டர் எடுப்பது எப்படி சார்?

அது என் துறை இல்லை. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 இருக்கிறது; வக்கீலிடம் கேளுங்கள்.

ஆனந்த்: அரசே நேரடியாகச் செய்தால் மட்டும் தப்பு நடக்காதா?

நடக்கும் தம்பி. சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளோடு சண்டை போடப் பழங்குடி இளைஞர்களுக்கு மாதம் 3000 ரூபாய் மதிப்பூதியம் கொடுத்து, சிறப்புக் காவலர் என்று பெயர் வைத்து, துப்பாக்கியைக் கையில் கொடுத்தது அரசுதான். கம்பெனி எதுவும் நடுவில் இல்லை. ஆனாலும் காவல் காக்கும் பொறுப்பு கைநழுவிப் போனது. அங்கே யாரைக் கேட்பது என்று தெரிந்திருந்தது, வழக்கும் போட்டார்கள். 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கச் சொன்னது.