மேளத்தில் தூங்கிய பாப்பா மைதானத்துக்குப் போகலாமா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மூத்தவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு எட்டு மாதம். மோசஸ் மபிடா மைதானத்தில் கைசர் சீஃப்ஸ் கால்பந்து அணி ஆடும் ராத்திரி ஆட்டத்துக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்கிறார் என் கணவர். "மவுண்ட் எட்ஜ்கோம்ப் காவடியில் அத்தனை மேளச் சத்தத்திலும் பாப்பா தூங்கினாளே, இது என்ன பெரிசு?" என்று கேட்கிறார். மாமியாரோ கூடவே கூடாது என்கிறார். பிள்ளைகளை எந்த வயதில் மைதானத்துக்குக் கூட்டிப்போகலாம், டாக்டர்?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: சின்னவள் விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி. மூத்தவன் விஷயத்தில் உங்கள் கணவருக்குப் பாதி வெற்றி தரலாம்.

முதலில் அந்தக் காவடி வாதத்தைப் பார்த்துவிடுவோம். பல வீடுகளில் இதைச் சொல்கிறார்கள். குழந்தை தூங்குகிறது என்றால் சத்தம் அதை ஒன்றும் செய்யவில்லை என்று பொருளல்ல. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு மூடி கிடையாது. தூங்கும்போதும் உட்காதின் நுண்மயிர் செல்கள் அத்தனை அதிர்வையும் வாங்கிக்கொண்டுதான் இருக்கும். அவை ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. கைக்குழந்தையின் காதுத் துளை சின்னது என்பதால், கீச்சென்ற சத்தங்கள் பெரியவர்கள் காதில் விழுவதைவிட உரக்கவே உள்ளே போய்ச் சேரும். காவடிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பாப்பாவை உறுமிக்காரர் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மைதானத்தில் உறுமி இல்லை, வுவுசெலா என்ற நீளமான பிளாஸ்டிக் ஊதுகுழல் இருக்கிறது. 2010 உலகக் கோப்பை சமயத்தில் நம் நாட்டு ஆய்வாளர்களே அதை அளந்து பார்த்தார்கள். குழலின் வாயருகே ஏறக்குறைய 131 டெசிபல், இரண்டு மீட்டர் தள்ளி 113. தொழிற்சாலையில் வேலை செய்யும் பெரியவர்களுக்கே 85 டெசிபல் என்றால் நாளுக்கு எட்டு மணி நேரம்தான் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். நூறில் கால் மணி நேரம், 113-இல் ஒரு நிமிடம்கூட இல்லை. அரங்கில் இரண்டு மீட்டர் என்பது உங்களுக்குப் பின்னால் இரண்டாவது மூன்றாவது வரிசை. அங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர் கோல் விழுந்த சந்தோஷத்தில் ஊதப் போவது உங்கள் பிள்ளையின் பிடரிக்கு நேராக. அவரிடம் போய் டெசிபல் பேச முடியுமா?

ஆகவே காதுக்கு மூடி போட வேண்டும். தலைக்கு மேல் வளைந்து இரண்டு காதையும் முழுதாக மூடும் உறை, குழந்தைகள் அளவில் கிடைக்கிறது. பஞ்சு வைப்பது பிரயோசனமில்லை. காதுக்குள் திணிக்கும் ரப்பர் அடைப்பான் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். சரியாகப் பொருந்தாது, பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். உறையை வாங்கியதும் வீட்டில் போட்டுப் பழக்குங்கள். டிவியில் ஒரு ஆட்டம் முழுக்க அதைக் கழற்றாமல் உங்கள் மகன் உட்கார்ந்திருந்தால் ஒரு பரீட்சை பாஸ். பத்து நிமிடத்தில் தூக்கி எறிந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். சட்டமோ பாடப்புத்தகமோ ஓர் எண்ணைச் சொல்வதில்லை. நான் பெற்றோரிடம் சொல்வது இது: இரண்டு வயதுக்குள் வேண்டாம். அதற்கு மேல் நான்கு வரை, கூட்டமில்லாத உள்ளூர் ஆட்டம் என்றால் பார்க்கலாம். ஐந்து, ஆறு வயதில் பெரிய மைதானத்துக்குப் பிற்பகல் ஆட்டமாகத் தொடங்கலாம். சீஃப்ஸும் ஒர்லாண்டோ பைரட்ஸும் மோதும் சோவெட்டோ டெர்பி போன்றதற்குப் பத்து வயதாவது ஆகட்டும். ஆனால் வயதைவிட நான் பார்ப்பது, பிள்ளை தன் முழுப்பெயரையும் அப்பாவின் போன் நம்பரையும் தடுமாறாமல் சொல்கிறதா, காது வலிக்கிறது, மூத்திரம் வருகிறது என்று நேரத்தோடு வாய்விட்டுச் சொல்கிறதா, கூட்டத்தில் கை விடாமல் நடக்கிறதா என்பதைத்தான். இதெல்லாம் நான்கு வயதில் வரும் பிள்ளையும் உண்டு, எட்டிலும் வராத பிள்ளையும் உண்டு.

டெர்பியை ஏன் தனியாகச் சொன்னேன் என்பதை இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1991-இல் ஒர்க்னியில் 42 பேர், 2001 ஏப்ரல் 11 அன்று எல்லிஸ் பார்க்கில் 43 பேர், 2017-இல் எஃப்.என்.பி. மைதானத்தில் இருவர் என்று நெரிசலில் செத்தார்கள். மூன்றுமே இந்த இரண்டு அணிகளும் மோதிய ஆட்டங்கள். நெரிசலில் பெரும்பாலும் சாவது மிதிபட்டு அல்ல, மூச்சு முட்டி. நாலாபக்கமும் உடம்புகள் அழுத்தும்போது நெஞ்சு விரிய இடமில்லாமல் போகிறது. பெரியவரின் இடுப்புயரத்தில் முகம் இருக்கும் பிள்ளைக்கு அங்கே காற்றும் குறைவு, விலா எலும்பும் இளசு. எனவே வாசலில் கூட்டம் சேரும் முன்பே, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். நடைபாதை ஓரத்து இருக்கையாகப் பிடியுங்கள். முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து முண்டாமல், பாதிக் கூட்டம் கலையும்வரை உட்கார்ந்தே இருங்கள். வாசலில் தள்ளுமுள்ளு என்று தெரிந்தால் டிக்கெட் காசைப் பார்க்காமல் திரும்பிவிட வேண்டும். இதைச் செய்யக்கூடியவரா உங்கள் கணவர் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சீஃப்ஸ் ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது மகன் "வீட்டுக்குப் போகலாம்பா" என்றால் எழுந்து வருவாரா? வரமாட்டார் என்றால் பிள்ளை தயாராக இருந்தும் பயனில்லை.

ராத்திரி ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கினால் முடிய ஒன்பதரை. வீடு வந்து படுக்கப் பதினொன்று. மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதனால் மூத்தவனின் முதல் ஆட்டத்தை இதில் வைக்காதீர்கள். அதே மைதானத்தில் அமாசூலு அணி ஆடும் சாதாரண லீக் ஆட்டத்தில் பாதி இருக்கை காலியாகக் கிடக்கும். பிற்பகலில் வைத்தால் அதற்குக் கூட்டிப்போகட்டும். சாட்ஸ்வொர்த் மைதானத்தில் நடக்கும் உள்ளூர் ஆட்டம் இன்னும் நல்லது. 1996–97-இல் நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான பி.எஸ்.எல். தொடங்கிய முதல் வருடமே கோப்பையைத் தூக்கிய மேனிங் ரேஞ்சர்ஸ் அணியின் சொந்த மைதானம் அது. தாத்தா இருந்தால் அவரையும் கூட அனுப்புங்கள், கதை சொல்லிக்கொண்டே பார்ப்பார்.

மற்றவை சுருக்கமாக. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் குதித்துக் கத்தும் நேரத்தில் கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பிற்பகல் வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் வேண்டும். ஆஸ்துமா இருந்தால் பம்ப் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். பட்டாசுப் புகை ஒரு பக்கம், கரும்புத் தோட்டம் எரிக்கும் மாதங்களில் காற்றே சரியில்லை. காதில் குழாய் வைத்திருக்கும் பிள்ளை, வலிப்பு வரும் பிள்ளை, சத்தத்துக்கு மிரளும் ஆட்டிசப் பிள்ளை என்றால் உங்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சின்னவளுக்குச் சத்தம் ஒன்று மட்டும் காரணமல்ல. தட்டம்மை ஊசி நமக்கு ஆறாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும். இரண்டாவது ஊசி போடாத குழந்தையை ஆயிரக்கணக்கானோர் கத்தி இருமும் இடத்தில் மூன்று மணி நேரம் வைத்திருக்க என்ன அவசரம்? ஆட்டத்தன்று பாப்பா பாட்டியோடு இருக்கட்டும்.

மூத்தவன் போய்வந்த ராத்திரி, "காதுக்குள் ஙொய்னு கேட்குது" என்றாலோ, கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்புகிறான் என்றாலோ கவனியுங்கள். மறுநாள் காலையில் சரியாகிவிட்டாலும் அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் நல்ல உறை வேண்டும். இரண்டு நாளாகியும் நீடித்தால் கேள்திறன் பரிசோதனைக்குக் கூட்டிவாருங்கள், காதில் எண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.