சாஸ்திரியாரும் இருபது பவுனும்

அன்புள்ள அம்மா,

சாஸ்திரி கல்லூரி பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வலங்கைமானில் பிறந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி என்ற பள்ளி ஆசிரியர் 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார், பேச்சுத் திறமையால் வெள்ளையரை வசப்படுத்தினார், டர்பனில் நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்று பெயர் கொண்ட அந்த உயர்நிலைப்பள்ளி கிடைக்க வழிசெய்தார் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தை வேறு விதமாகச் சொல்வார்கள். என் ஆயாவின் (பாட்டியின்) அண்ணன் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இந்தியாவுக்கே திரும்பிப் போனால் ஆளுக்கு இருபது பவுன் பணம் தருகிறார்கள் என்று 1928இல் மனைவியையும் மூன்று சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். மதராஸ் பக்கத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு ஒரு தகவலும் இல்லை. கடிதங்கள் இன்னும் எங்களிடம் ஒரு பிஸ்கெட் டப்பாவில் இருக்கின்றன.

அந்த இருபது பவுன் திட்டத்தைப் பேசி முடித்த குழுவில் சாஸ்திரியும் இருந்தார். உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் அவரை ராஜதந்திரி என்கிறீர்கள். வெள்ளைக்காரனுக்கு வாய்த்த படித்த சர்தார் என்று ஏன் சொல்லக் கூடாது?

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதியின் தோட்டங்களில் கூலிகளை வேலை வாங்க முதலாளி நம்மவரிலேயே ஒருவரை நியமிப்பார். இலங்கையிலும் மலேயாவிலும் அவர் கங்காணி, இங்கே சர்தார். நம் மொழி பேசுவார், நம் கோவில் திருவிழாவில் முன்னால் நிற்பார், மறுநாள் காலையில் கம்போடு வருவார். நம் வீடுகளில் இதைவிடக் கடுமையான வசை கிடையாது. பதில் எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்ததற்கு அந்த ஒரு சொல்தான் காரணம்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இருபது பவுனை நான் மறந்து விடவில்லை, தெரிந்தேதான் விட்டேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி மனநிறைவோடு ஒரு கட்டுரை எழுத ஆசைப்பட்டேன். அதில் கசப்பைச் சேர்க்க மனம் வரவில்லை.

ஆனாலும் சர்தார் என்பதை ஏற்க மாட்டேன். சர்தாரிடம் கம்பு இருந்தது, சாஸ்திரியாரிடம் என்ன இருந்தது? பதவியின் பெயரைப் பாருங்கள்: ஏஜெண்ட். தூதர் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அனுப்பிய நாடே அடிமை நாடு. ஏஜெண்ட் ஜெனரல், ஹை கமிஷனர் என்றெல்லாம் பெயர் வளர்ந்தது பிற்பாடு. 1921இல் லண்டன் பேரரசு மாநாட்டிலும் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்திலும் இந்தியாவுக்காகப் பேசியவர், அதை அடுத்து வாஷிங்டன் கடற்படை மாநாட்டுக்கும் போனவர், தம் நிறத்தவருக்குப் பல ஹோட்டல்களில் அறை கிடைக்காத ஒரு நாட்டுக்கு 57 வயதில், உடல்நலமும் சரியில்லாமல் வந்தார். விரும்பிக் கேட்டு வாங்கிய பதவி அல்ல. ஒத்துழையாமையை எதிர்த்த மிதவாதி என்பதால் காங்கிரஸ்காரர்கள் பலருக்கு அவரைக் கண்டால் ஆகாது. இருந்தும் அவர்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தியவர் காந்தி. ஓராண்டு என்று வந்தவர் ஒன்றரை ஆண்டு இருந்துவிட்டு 1929 ஜனவரியில் திரும்பினார்.

எதிரே இருந்தவர் உள்துறை அமைச்சர் டி.எஃப். மலான். இந்தியர் குடியிருக்கவும் கடை வைக்கவும் தனிப் பகுதிகளை ஒதுக்கும் மசோதாவை 1925இல் கொண்டுவந்தவர் அவர். 1926 டிசம்பரில் கேப் டவுனில் மாநாடு கூடியது. முகம்மது ஹபிபுல்லா தலைமையில் வந்த இந்தியக் குழுவில் சாஸ்திரியாரும் ஒருவர். ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டு மசோதா கைவிடப்பட்டது. (இதே மலான்தான் 1948இல் பிரதமராகி, அன்று கைவிட்டதைப் பன்மடங்காக்கி நிறைவேற்றினார். இந்தியரை அவரவர் இடத்திலிருந்து பெயர்த்துக் குடியேற்றிய சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதுகிறீர்கள், நான் அதை விளக்க வேண்டியதில்லை.)

மதுச் சட்டக் கதை உங்களுக்குத் தெரியுமா? உரிமம் பெற்ற மதுக்கூடங்களிலும் ஹோட்டல்களிலும் இந்தியரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அரசின் மது மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது. படித்தவர்களுக்கு அது சிறிய விஷயம். ஆனால் டர்பன் ஹோட்டல்களில் வெள்ளை அங்கியும் சிவப்புக் கச்சையும் அணிந்து தட்டு ஏந்தியவர்கள் யார்? என் மாமனாரின் தகப்பனார் அவர்களில் ஒருவர். தோட்டத்திலிருந்து தப்பித்து வந்தவர்களுக்குக் கிடைத்த முதல் நல்ல வேலை அது. சாஸ்திரியார் அமைச்சர்களையும் எம்.பி.க்களையும் ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார், அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. எங்கள் வீட்டுப் பிழைப்பு நிலைத்தது. ஆகவே எனக்கு இதில் பாரபட்சம் உண்டு, அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

அவருக்கு எங்கும் மாலை மரியாதைதான் என்று நினைக்க வேண்டாம். 1928இல் டிரான்ஸ்வாலில் கிளர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் அவர் பேச வந்த கூட்டத்தில் வெள்ளையர் கும்பல் ரகளை செய்து கலைத்தது. அரசு பிறகு வருத்தம் தெரிவித்தது. அதைப் பிடித்துக்கொண்டு வழக்காட அவர் போகவில்லை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியருக்கு முரட்டு மாணவர்கள் புதிதில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இனி இருபது பவுனுக்கு வருகிறேன்.

கேப் டவுன் உடன்பாட்டின் ஒரு பகுதி, இங்கேயே தங்குகிற, மேலை வாழ்க்கைத் தரத்துக்கு உயரக்கூடிய இந்தியரை அரசு முன்னேற்ற வேண்டும் என்றது. சாஸ்திரியார் அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டுதான் கல்வி விசாரணைக் குழு கேட்டார், இந்தியாவிலிருந்து கல்வி நிபுணர்களை வரவழைத்தார், நம் சமூகத்திடம் பணம் திரட்டினார். 1929 அக்டோபரில் கல்லூரி திறந்தபோது அவர் இங்கே இல்லை. இன்னொரு பகுதி, போக விரும்புகிறவர்களுக்குப் பணம் கொடுத்துக் கப்பலேற்றலாம் என்றது. அதுவரை திருப்பியனுப்புதல் என்று சொல்லப்பட்டது, இப்போது ‘உதவியுடன் குடிபெயர்தல்’ ஆயிற்று. ஆக, பள்ளிக்கூட வாசலும் கப்பல் ஏணியும் ஒரே தாளில் எழுதப்பட்டவை. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உடன்பாட்டை மறுபடி படித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. வியாபாரியும் குமாஸ்தாவும் தங்கலாம், கரும்பு வெட்டி முதுகு வளைந்தவன் போகலாம். யாரையும் வற்புறுத்தவில்லை என்று சொல்லலாம்தான். ஒழுகும் தோட்டக் குடியிருப்பில் இருப்பவனிடம் பவுனை நீட்டினால் அவன் விருப்பம் எந்தப் பக்கம் சாயும்?

தொகையில் ஒரு சிறு திருத்தம். பெரியவர்களுக்கு 20 பவுன், பிள்ளைகளுக்கு 10. உங்கள் ஆயாவின் அண்ணன் குடும்பத்துக்கு 70 பவுன் வந்திருக்கும். ‘ஒன்றும் தகவல் இல்லை’ என்கிறீர்களே, அதன் காரணம் இங்கே இருக்கலாம். திரும்பி வர நினைத்தால் போய் ஓராண்டு கழிய வேண்டும், மூன்று ஆண்டு தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தையும் கப்பல் செலவையும் திருப்பிக் கட்ட வேண்டும். மூன்று ஆண்டு ஆனால் உரிமை போய்விடும். 70 பவுனைத் தின்று தீர்த்த குடும்பம் அதை எங்கே போய்ச் சேர்க்கும்?

தென்னாப்பிரிக்க இந்தியத் தலைவர் பவானி தயாள் சன்னியாசியும் இந்தியப் பத்திரிகையாளர் பனார்சிதாஸ் சதுர்வேதியும் திரும்பியவர்களின் நிலையை விசாரித்து 1931இல் வெளியிட்ட அறிக்கை வயிற்றைப் பிசைகிறது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. சாதி பாராமல் மணந்தவர்களை ஊரார் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு கேப் டவுனில் இரண்டாம் மாநாடு. இங்குள்ள இந்தியரில் நூற்றுக்கு 80 பேர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், இந்தத் திட்டத்தால் இனிப் பயனில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. சாஸ்திரியார் அந்த மாநாட்டிலும் உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று ஊகிக்கும் தைரியம் எனக்கு இல்லை. நம்மைவிடக் கீழே வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கருக்காகப் பேசுவது அவர் வேலையில் சேரவில்லை, அந்த எல்லையையும் அவர் தாண்டவில்லை. இதையும் என் கட்டுரை விட்டுவிட்டது.

கல்லூரிக்கு அவர் பெயர் இருப்பது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நீங்கள் அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதும் சரிதான். அதை மாற்றச் சொல்ல நான் யார்?

டர்பன் ஆவணக் காப்பகத்தில் 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. ஆயாவின் தகப்பனாருடைய கூலி எண் (வந்தபோது ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண்) தெரிந்தால் ஊர், தாலுகா, அவர் தந்தை பெயர் எல்லாம் கிடைக்கும். மகன் அந்த ஊருக்கே திரும்பினாரா, மதராஸிலேயே தங்கிவிட்டாரா என்று கண்டுபிடிக்க இன்னொன்று வேண்டும். பிஸ்கெட் டப்பாவில் உள்ள கடிதங்களுக்கு உறை இருக்கிறதா? இருந்தால் தபால் முத்திரையில் ஊர்ப் பெயர் தேய்ந்திருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். பழைய கையெழுத்து படிக்கச் சிரமமாக இருந்தால் கொண்டுவாருங்கள், சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்.