கேள்வி பதில்: பாக்தாத் யூதர்களும் ஏற்காட்டுப் பத்திரங்களும்

கேள்வி: நவம்பர் 30 அரபு நாட்டு யூத அகதிகள் நினைவு நாளாமே! யூத அகதிகள் என்றால் ஹிட்லர் காலத்து ஐரோப்பியர்கள்தானே?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: அவர்கள் மட்டுமல்ல. ஈராக், ஏமன், எகிப்து, லிபியா, சிரியா, மொராக்கோ முதலிய நாடுகளிலிருந்து 1948-க்குப் பின் வெளியேறியவர்கள் சுமார் எட்டரை லட்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பாலஸ்தீனப் பிரிவினைக்கு ஐ.நா. வாக்களித்தது 1947 நவம்பர் 29. அதற்கு மறுநாளை நினைவு நாளாக்கி இஸ்ரேல் 2014-ல் சட்டம் போட்டது. அதில் ஈரானும் சேர்த்தி.

கேள்வி: ஈராக் யூதர்கள் தாங்களாகவே குடியுரிமையை விட்டுக்கொடுத்தார்கள் என்கிறார்களே, பிறகு எப்படி அகதிகள்?
- கல்லூரி மாணவி, ஆத்தூர்

பதில்: கையெழுத்து அவர்களுடையதுதான். போட வைத்தது எது என்று பாருங்கள். 1941 ஜூனில் பாக்தாதில் நடந்த ‘ஃபர்ஹுத்’ கலவரத்தில் சுமார் 180 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1948-ல் அரசு வேலைகளிலிருந்து பலர் நீக்கப்பட்டார்கள். ஷஃபீக் அதெஸ் என்ற பெரும் வணிகரைப் பாஸ்ராவில் தூக்கிலிட்டார்கள். 1950 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது: நாட்டைவிட்டுப் போக விரும்பும் யூதர் எழுதிக் கையெழுத்திட்டால் குடியுரிமை ரத்து, திரும்ப வர வழியில்லை. அவகாசம் ஓராண்டு. சொத்தை விற்றுவிட்டுப் போகலாம் என்றுதான் பலரும் பதிந்தார்கள். விமானத்துக்கோ மாதக்கணக்கில் காத்திருப்பு. பதிந்தவர்கள் லட்சத்தைத் தாண்டிய நிலையில், 1951 மார்ச்சில் அடுத்த சட்டம்: குடியுரிமை விட்டவர்களின் சொத்து முடக்கம். கடைகளுக்குச் சீல் விழுந்தது. வழக்குப் போடலாம் என்றால் அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்களும் இல்லை! பெரியவர்கள் தலைக்கு 50 தினார்தான் எடுத்துப்போகலாம். சுமார் 1,20,000 பேர் இப்படிப் போய் இறங்கியது இஸ்ரேலின் கூடார முகாம்களில்.

எல்லா நாட்டிலும் இதே கதை என்று எழுதிவிடாதீர்கள். எகிப்து 1956 சூயஸ் போரையொட்டி வெளியேற்றியது. மொராக்கோவில் அது பல ஆண்டுகள் நீடித்த நகர்வு.

கேள்வி: பாக்தாதில் தண்ணீரில் கிடந்த யூத ஆவணங்களை எப்படி மீட்டார்கள்? எங்கள் எஸ்டேட் வீட்டுப் பத்திரங்களும் பூஞ்சை பிடிக்கின்றன.
- வாசகர், ஏற்காடு

பதில்: 2003 மே மாதம், ஈராக் உளவுத்துறைக் கட்டடத்தின் நிலவறையில் கிடைத்தவை அவை: சுமார் 2,700 புத்தகங்கள், பல்லாயிரம் தாள்கள். வெயிலில் அரைகுறையாகக் காயவைத்து 27 உலோகப் பெட்டிகளில் அடைத்தார்கள். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பரவியது. பிறகு உறையவைத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், உறைந்த நிலையிலேயே வெற்றிடத்தில் உலர்த்தினார்கள்.

உங்களுக்கும் முதல் வேலை ஈரத்தைப் போக்குவதுதான். நனைந்த தாளில் இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். சில தாள்கள் என்றால் ஈரத்தை உறிஞ்சும் ஒற்றுத்தாள் மேல் தனித்தனியாகப் பரப்பி, மின்விசிறியை வேறு பக்கம் திருப்பி ஓடவிடுங்கள். ஒற்றுத்தாளை அடிக்கடி மாற்றுங்கள். கட்டாக நனைந்திருந்தால் பிரிக்காமல் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், பிரிப்பதைப் பிறகு பார்க்கலாம். பழைய பூஞ்சை என்றால், தாள் நன்றாகக் காய்ந்த பிறகு, முகக்கவசத்துடன் வெளியில் வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரத்தில் துடைத்தால் மையோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது.