பிரான்சின் நீம் நகரிலுள்ள ரோமானியக் கோயிலில் எதைக் கவனித்துப் பார்ப்பது?

மேசோன் காரேயைத்தானே கேட்கிறீர்கள்? முகப்பைப் படம் எடுத்ததும் கிளம்பிவிடாமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். முன்மண்டபத்தின் 10 தூண்கள்தான் தனித்து நிற்கின்றன; மற்ற 20-ம் சுவரோடு ஒட்டியவை. கிரேக்கக் கோயில்களைப் போல நாலாபுறமும் படி கிடையாது, உயரமான மேடைக்கு முன்பக்கம் மட்டும்தான் ஏற முடியும்.

அப்புறம், தூண்களுக்கு மேலே உள்ள கல் பட்டையில் துளைகள் தெரியும். வெண்கல எழுத்துகளைப் பொருத்திய இடங்கள் அவை. எழுத்துகள் என்றோ போய்விட்டன. 1758-இல் செகியே என்ற அறிஞர் வெறும் துளைகளை வைத்தே வாசகத்தைப் படித்துவிட்டார். பேரரசர் அகஸ்டஸின் பேரன்கள் கையுஸ், லூசியஸ் இருவருக்கும் அர்ப்பணித்த கோயில் என்று தெரிந்தது அப்படித்தான். எனக்கு இங்கே பெரிய ஆச்சரியமே இதுதான்.

பின்னாளில் நகர மன்றம், குதிரை லாயம், தேவாலயம் என்று ஏதாவது ஒரு பயன்பாட்டில் இருந்ததால் இடிபடாமல் தப்பியது. உள்ளே பழைய அலங்காரத்தை எதிர்பார்க்காதீர்கள்.