டிஎல்பி சண்டையில் இரண்டுபட்ட பெற்றோர் குழு: நிர்வாகி என்ன செய்யலாம்?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் இருக்கிறேன். மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான் பொருளாளர் என்பதால் பெற்றோர் புலனக் (வாட்சாப்) குழுவுக்கும் நானே நிர்வாகி. 140 பேர் இருக்கிறோம். நம் பள்ளிக்கு டிஎல்பி, அதாவது அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் இருமொழித் திட்டம், வேண்டுமா என்று போன மாதம் ஒருவர் கேட்டார். அன்றோடு நிம்மதி போயிற்று. கேட்டவர்களை ‘இனத் துரோகிகள்’ என்று ஓர் அப்பா எழுதினார். ‘மேடையில் தமிழ் தமிழ் என்பார்கள், வீட்டில் பிள்ளையோடு பேசுவது ஆங்கிலம்’ என்று ஓர் அம்மா திருப்பிக் கொடுத்தார். இரவு 11.40க்கு நான்கு நிமிடக் குரல் பதிவு வருகிறது. ஆறு பேர் வெளியேறிவிட்டார்கள். நிர்வாகி மட்டும் எழுதலாம் என்று பூட்டிவிடவா? நாளைக்கு வழக்கு கிழக்கு என்று வந்தால் என் தலையில் விழுமா? உண்மையைச் சொன்னால், எனக்கும் டிஎல்பி வேண்டாம் என்பதுதான் கருத்து.

பதில்: சகோதரி, கடைசி வரியை மறைக்காமல் எழுதினீர்கள், நன்றி. பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பூட்டு. ஓர் இரவுக்குப் பூட்டலாம், தப்பில்லை. ஆனால் எப்போது திறப்பீர்கள் என்பதைப் பூட்டும்போதே எழுதிவிட வேண்டும்: ‘நேரமாகிவிட்டது, எல்லோரும் களைத்திருக்கிறோம். நாளை காலை 9 மணிக்குக் குழு மீண்டும் திறக்கும். டிஎல்பி பற்றித் தாராளமாகப் பேசலாம்.’ இவ்வளவு போதும். நாள் குறிக்காமல் பூட்டினால் பேச்சு நிற்காது, இடம்தான் மாறும். ‘டிஎல்பி ஆதரவுப் பெற்றோர்’ என்று ஒரு குழு, ‘தமிழ்ப்பள்ளியைக் காப்போம்’ என்று இன்னொரு குழு. இங்கிருந்து எடுத்த திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். எதிர்க்கருத்து கண்ணிலேயே படாத இடத்தில் மனிதர்கள் இன்னும் சூடாகிறார்கள்.

அடுத்தது, எதை நீக்குவது. வாட்சாப்பில் குழு நிர்வாகி மற்றவர் போட்ட செய்தியையும் நீக்கலாம். 2022இல் வந்த வசதி இது. ‘டிஎல்பி வந்தால் தமிழ்ப்பள்ளி பெயரளவில்தான் தமிழ்ப்பள்ளி’ என்று ஒருவர் எழுதினால் அது கருத்து. எவ்வளவு காரமாக இருந்தாலும் இருக்கட்டும். ‘கேட்டவர்கள் துரோகிகள்’ என்பது ஆளைப் பற்றிய பேச்சு, அதை எடுத்துவிடுங்கள். அந்த அம்மா எழுதியதையும் எடுக்க வேண்டும், அதே மாலையில். அவர் யார் பெயரையும் சொல்லவில்லைதான், ஆனால் யாரைச் சொன்னார் என்று 140 பேருக்கும் தெரியும். ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால், நீங்கள் எந்தப் பக்கம் என்று அந்த நிமிடமே எழுதி ஒட்டியது போல ஆகிவிடும்.

நீக்கிய கையோடு இருவருக்கும் போன் செய்யுங்கள். குரல் பதிவு வேண்டாம், நேராகப் பேசுங்கள். ‘அண்ணே, உங்க கருத்தை எடுக்கல, அந்த ஒரு வார்த்தைய மட்டும்தான் எடுத்தேன். அது இல்லாம மறுபடி எழுதிப் போடுங்க’ என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் எழுதுவார்கள் என்பது என் அனுபவம். மீதி இரண்டு பேருக்கு அந்த வார்த்தைதான் கருத்தே.

இதெல்லாம் தீயணைப்பு வேலை. உங்கள் குழுவுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு.

பல ஆண்டுகள் பள்ளி மாணவர்களுக்குச் சொற்போர் பயிற்சி கொடுத்தேன். ஒருமுறை, போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பயிற்சியில் அணிகளை மாற்றிவிட்டேன். நேற்று வரை ஒட்டிப் பேசியவர்கள் வெட்டிப் பேச வேண்டும். ஒரே முணுமுணுப்பு. அரைமணி நேரம் தயார் செய்துவிட்டு ஒரு மாணவி வந்து, ‘சார், அவங்க பக்கமும் விஷயம் இருக்கு சார்’ என்றாள். ஏதோ ஏமாந்துவிட்டது போல முகம். அந்த வாரம் அவள் பேச்சு தேறியது. குரலும் கொஞ்சம் இறங்கியது.

இதைக் குழுவில் எப்படிச் செய்வது? ஒரே ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். மறுத்து எழுதுகிறவர், அடுத்தவர் சொன்னதை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும், ‘சரியாகச் சொன்னேனா?’ என்று கேட்க வேண்டும். பிறகுதான் மறுப்பு. நம் சைவ சித்தாந்தத்தில் இதற்குப் பழைய பெயரே உண்டு: பரபக்கம். பிறர் கொள்கையை முதலில் எடுத்து வைத்து, அப்புறம்தான் அதை மறுப்பார்கள். நாம் சைவம் வளர்க்க வரவில்லை, முறையை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் குழுவில் டிஎல்பி வேண்டும் என்பவர், எதிர்த் தரப்பை இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்: ‘1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிட்டால், இந்த நாட்டில் தமிழ்க் கல்விக்கு இருநூறு ஆண்டு தாண்டிவிட்டது. ஒளிச்சேர்க்கை, ஈர்ப்பு விசை, பின்னம் என்று ஒரு பிள்ளை தமிழில் சொல்லிப் பழகும் இடம் இந்தப் பள்ளி ஒன்றுதான். அதுவும் போனால் தமிழ் இங்கே ஒரு பாடமாக மட்டும் மிஞ்சும் என்று பயப்படுகிறீர்கள். சரியா?’

வேண்டாம் என்பவர் திருப்பிச் சொல்லட்டும்: ‘படிவம் ஒன்றுக்குப் போனதும் பிள்ளை அறிவியலை மலாயில் படிக்கப்போகிறது, டிஎல்பி உள்ள இடைநிலைப்பள்ளி என்றால் ஆங்கிலத்தில். ஆறு ஆண்டு கற்ற சொற்கள் ஒரே நாளில் கைவிட்டுப் போகின்றன. அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கத்தான் கேட்கிறீர்கள், தமிழ் வேண்டாம் என்பதற்காக இல்லை. சரியா?’

‘இல்லை, நான் அதைச் சொல்லவில்லை’ என்று பதில் வந்தால் இன்னும் நல்லது. இத்தனை நாள் எதை எதிர்த்துச் சண்டை போட்டோம் என்று தெரியவரும்.

யாரும் கட்சி மாற மாட்டார்கள். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறி, 2009இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்து, 2016இல் டிஎல்பி வந்தது வரை பார்த்தவர்கள் நம் பெற்றோர். அடிபட்ட இடம் இருபக்கமும் இருக்கிறது. கட்சி மாறாமலே பள்ளி வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்ட முடிந்தால், என் கணக்கில் அது வெற்றி.

இப்போது உங்கள் கருத்து. மறைக்காதீர்கள், எப்படியும் தெரிந்துவிடும். ‘இதில் எனக்கு டிஎல்பி வேண்டாம் என்ற கருத்து உண்டு. அதனால் இந்த விஷயம் முடியும் வரை செய்திகளை நீக்கும் வேலையை இன்னார் இன்னாரோடு சேர்ந்து செய்கிறேன்’ என்று எழுதி, மறுதரப்பில் நிதானமான ஒருவரைத் துணை நிர்வாகி ஆக்குங்கள். இருவரும் ஒப்புக்கொண்டால்தான் நீக்கம். நடுவர் உடுப்பைப் போட்டுக்கொண்டு கோல் அடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

குழுவில் வாக்கெடுப்பு வேண்டவே வேண்டாம். வாட்சாப் வாக்கெடுப்பில் பொதுவாக யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு தெரியும். வகுப்பாசிரியர் பார்ப்பாரே என்று பாதிப் பேர் போடமாட்டார்கள், போட்டவர்களை மீதிப் பேர் எண்ணுவார்கள். அதோடு, முடிவு எடுக்கும் இடம் புலனம் இல்லை. டிஎல்பிக்கு நிபந்தனைகள் இருக்கின்றன: பள்ளியில் போதிய வசதி, தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் தயாராக இருப்பது, பெற்றோரின் சம்மதம், மலாய்மொழி அடைவுநிலை தேசிய அளவுக்குக் குறையாமல் இருப்பது. இந்த நான்கில் நம் பள்ளி எங்கே நிற்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தலைமையாசிரியரைக் கேளுங்கள். குழுவில் கேள்விகளை மட்டும் திரட்டுங்கள். முதல் நிபந்தனையிலேயே தட்டிப்போகும் விஷயத்துக்கு இவ்வளவு ரத்தக்கொதிப்பு ஏன்?

வழக்கு பற்றிக் கேட்டீர்கள். நிர்வாகி என்பது வெறும் பட்டம் இல்லை. 2012இல் சாட்சியச் சட்டத்தில் சேர்த்த 114ஏ பிரிவின்படி, ஒரு பதிவின் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ பெயர் உள்ளவர்தான் அதை வெளியிட்டார் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. அதற்காக மற்றவர் எழுதிய ஒவ்வொரு கெட்ட வார்த்தைக்கும் நீங்கள் கம்பி எண்ண வேண்டும் என்று அர்த்தமில்லை. மிரட்டலோ அவதூறோ வந்தால் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு உடனே நீக்குங்கள், நீக்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். எழுதுகிறவர்களுக்கும் தெரியட்டும்: தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் உச்ச அபராதம் 2025இல் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் ஆனது. 2024இல் இணைய வசைக்கு ஆளான ஒரு தமிழ்ப் பெண் கோலாலம்பூரில் உயிரை விட்டதும், வசைபாடிய ஒருவருக்கு வெறும் 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டதும் நமக்கு மறக்காது. அதற்குப் பிறகுதான் இணையப் பகடிவதைக்கென்று தண்டனைச் சட்டத்தில் 507பி முதலான பிரிவுகள் வந்தன. 2025 ஜூலை 11 முதல் அவை நடப்பில் இருக்கின்றன. போலீஸ் புகார் அளவுக்கு ஏதாவது போனால் வழக்கறிஞரைப் பாருங்கள், என்னை அல்ல.

வெளியேறிய ஆறு பேரைக் கேட்காமல் திரும்பச் சேர்க்காதீர்கள். வீட்டுக்குள் பிடித்து இழுப்பது போல இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். அதில் டிஎல்பியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். விளையாட்டுப் போட்டி நாள், சீருடைப் பணம், தேர்வு அட்டவணை எல்லாம் குழுவில்தானே வருகிறது, இவர்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போகுமே என்று சொல்லி, இணைப்பை அனுப்பிவிட்டு விட்டுவிடுங்கள். நாலு பேர் வரலாம். வராத இருவருக்கு அட்டவணையை நீங்களே தனியாக அனுப்பிக்கொண்டிருங்கள்.